ஓரம் ஒதுங்கினால் உயிர் பிழைக்கும் என்று யார் சொன்னது?

கிள்ளான் பள்ளத்தாக்கில் சைக்கிள் மிதிக்கும் நம்மவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மார்களே, அக்காமார்களே, தம்பி தங்கைகளே,



மேரு, காப்பார் தொழிற்பேட்டைகளுக்கு விடியலில் ஷிப்டு வேலைக்குச் சைக்கிளில் போகிறவர்களுக்கும், பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவில் பூவும் காய்கறியும் ஏற்றிப் போகிறவர்களுக்கும், ஞாயிறு காலையில் தலைக்கவசமும் இறுக்கமான சட்டையுமாக உலு லங்காட் மேடேறப் போகிறவர்களுக்கும், பிள்ளையை டியூஷனுக்குச் சைக்கிளில் அனுப்பிவிட்டு வாசலிலேயே நிற்கும் பெற்றோருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேர் மற்றப் பாதியைச் சைக்கிள்காரர் என்றே கணக்கில் எடுப்பதில்லை. பத்தாயிரம் வெள்ளி கார்பன் சைக்கிளில் வருபவரும், பிரேக் கட்டை தேய்ந்த பழைய சைக்கிளில் வருபவரும் சந்தித்தால் தலையசைப்புகூடக் கிடையாது. பின்னால் வரும் காருக்கு இருவரும் ஒன்றுதான். ஆகவே ஒரே மடல்.

கிள்ளானில் இருந்துகொண்டு சைக்கிளைப் பற்றிப் பேசுகிறவன் 1941ஐத் தாண்டிப் போக முடியாது. அந்த ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய நம் மக்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஆர். எச். நாதன் முன்னின்று நடத்திய கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் கோரிக்கைகளில் சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி இருந்தது, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருந்தது, கள்ளுக்கடையை மூடு என்பது இருந்தது. அவற்றோடு ஒன்றாக, துரையோ மேலதிகாரியோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும் இருந்தது. கூலி உயர்வுக்குப் பக்கத்தில் சைக்கிளுக்கும் இடம் கொடுத்தார்கள் என்றால் அந்த அவமானம் எவ்வளவு உறுத்தியிருக்க வேண்டும்! மே மாதத்தில் நாதன் கைதானார், தோட்டங்கள் கொதித்தன, பட்டாளம் இறங்கியது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. நாதனை இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள்.

இறங்கி நிற்கும் வழக்கம் போய்விட்டது. ஆனால் பின்னாலிருந்து ஒரு ஹாரன் சத்தம் வந்தால் நம் கை என்ன செய்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? தானாக இடதுபக்கம் ஒடிகிறது. கால்வாய் விளிம்பு, மணல், உடைந்த கண்ணாடி, இரும்புக் கம்பி மூடி என எது இருந்தாலும் அங்கே போய் ஒண்டிக்கொள்கிறோம். நான் சொல்ல வந்தது இதைத்தான். நகரத் தெருவில் இந்த ஒதுங்கல் வெறும் பணிவு. அதைப் பாதுகாப்பு என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். பல நேரங்களில் அதுதான் ஆளைக் கொல்கிறது.

வாயால் சொன்னால் நம்ப மாட்டீர்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம் நகரச் சாலைகளில் ஒரு தடத்தின் அகலம் சுமார் மூன்று முதல் மூன்றரை மீட்டர். மூன்றேகால் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் சக்கரம் விளிம்பிலிருந்து அரை மீட்டர் தள்ளி உருண்டால் உங்கள் வலது கை எண்பது சென்டிமீட்டர் வரை வந்துவிடும். மிச்சம் இரண்டரை மீட்டருக்கும் சற்றுக் குறைவு. நம் ஊரில் தடுக்கி விழுந்தால் கண்ணில் படுகிற மைவி காரின் உடல் அகலமே 1.735 மீட்டர், இரண்டு பக்கக் கண்ணாடியையும் சேர்த்தால் இரண்டு மீட்டரை நெருங்கும். அதாவது, அந்த ஓட்டுநர் வலதுபக்கக் கோட்டை உரசிக்கொண்டு போனால்கூட உங்களுக்கும் அவருடைய கண்ணாடிக்கும் இடையில் அரை மீட்டர் தேறாது. ஒரு குழியைக் கண்டு நீங்கள் லேசாக வளைந்தால் முடிந்தது கதை. ஹைலக்ஸ் பிக்கப் வந்தால் கணக்கே போட வேண்டாம்.

சிங்கப்பூரில் சைக்கிளைக் கடக்கும்போது ஒன்றரை மீட்டர் விட்டுப் போகச் சொல்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் 2014இல் இதைச் சட்டமாகவே கொண்டுவந்தது: 60 கிலோமீட்டர் வேக வரம்பு வரையிலான சாலைகளில் ஒரு மீட்டர், அதற்கு மேல் ஒன்றரை. பிரிட்டன் தன் சாலை விதி நூலில் 2022இல் ஒன்றரை மீட்டரை எழுதி வைத்தது. எந்த அளவை எடுத்தாலும் நம் மூன்றேகால் மீட்டர் தடத்துக்குள் காரும் சைக்கிளும் ஒன்றாக அடங்காது. கார் எப்படியும் அடுத்த தடத்துக்குப் போய்த்தான் உங்களைக் கடக்க வேண்டும். நீங்கள் ஓரத்தில் ஒண்டும்போதுதான், “இடம் இருக்கிறது, நுழைந்துவிடலாம்” என்று அவருக்கு ஆசை காட்டுகிறீர்கள். விளிம்பிலிருந்து ஒரு மீட்டர் உள்ளே வந்து ஓட்டினால் அந்த ஆசைக்கே வழியில்லை. அவர் வேகத்தைக் குறைப்பார், முணுமுணுப்பார், ஹாரனும் அடிப்பார். ஹாரன் அடிக்கிறவர் உங்களைப் பார்த்துவிட்டார் என்று பொருள். பார்க்காதவர்தான் ஆபத்து.

உடனே வீரம் வந்து கூட்டரசு நெடுஞ்சாலையின் நடுவில் இறங்கிவிடாதீர்கள். நான் சொல்வது காரும் நிதானமாக ஊர்கிற தெருக்களுக்கு: பிரிக்பீல்ட்ஸ், பங்சார் உள்தெருக்கள், கிள்ளான் தெங்கு கிளானா சாலை, தாமான் சாலைகள். கார் 80, 90இல் பறக்கிற சாலையில் தடத்தின் நடுவில் நிற்பதும் தவறு, ஓரத்தில் ஒண்டுவதும் தவறு. அங்கே போகாமலிருப்பதே சரி. டோல் நெடுஞ்சாலைகளில் சைக்கிளுக்கு அனுமதியே இல்லை. ஐந்து நிமிடம் கூடுதலானாலும் தாமானுக்குள் புகுந்து போகிற வழியைப் பிடியுங்கள். கார்க்காரருக்கு வேஸ் செயலி வழி காட்டுகிறது. சைக்கிள்காரருக்கு வழி காட்டுகிறவர் அந்தப் பேட்டையிலேயே பழகிய இன்னொரு சைக்கிள்காரர்தான். கேளுங்கள்.

தடத்தின் உள்ளே வருவதற்கு முறை இருக்கிறது. முதலில் வலது தோளுக்கு மேல் திரும்பிப் பாருங்கள். திரும்பும்போது சைக்கிள் கோணாமல் நேராகப் போகப் பழக வேண்டும். காலி மைதானத்தில் ஒரு மாலைப்பொழுது பழகினால் வந்துவிடும். பிறகு கையை நீட்டுங்கள். பின்னால் வருகிறவர் வேகம் குறைத்தது தெரிந்த பிறகு நகருங்கள். சட்டென்று பாய்வதை எந்த ஓட்டுநராலும் சமாளிக்க முடியாது. சாலை அகன்றதும், அல்லது பின்னால் நாலைந்து கார் சேர்ந்துவிட்டதும், இடது ஓரம் வந்து வழி விடுங்கள். அது மரியாதை. மிரட்டலுக்கு ஒதுங்குவது வேறு, நீங்களாக வழி விடுவது வேறு.

வழி விடுகிற இடத்தில் ஒரு மலேசியச் சிக்கல் உண்டு. வெளிநாட்டுக்காரர்கள் எழுதும் சைக்கிள் கையேடுகளில் இது இருக்காது. நம் ஊரில் உங்கள் இடதுபக்கத்திலும் மோட்டார் வரும். நீங்கள் ஒரு மீட்டர் உள்ளே வந்த மறுகணமே அந்த ஒரு மீட்டருக்குள் ஒரு கப்சாய் மோட்டார் சைக்கிள் நுழைந்துவிடும். சாப்பாடு ஆர்டரைக் கொண்டுபோகும் தம்பிக்கு அவருடைய அவசரம். ஆகவே மறுபடி ஓரத்துக்கு வரும்போது இடது தோளுக்கு மேலும் ஒரு பார்வை கட்டாயம். இந்த நாட்டில் ஆண்டுதோறும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் சாலையில் சாகிறார்கள், அவர்களில் பெரும்பாலோர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். அந்தத் தம்பியும் நம்மைப் போல உடம்பை மட்டுமே கவசமாகப் போட்டுக்கொண்டு வருகிறவர்தான். அவர்மேல் கோபப்படாதீர்கள்.

பிரிக்பீல்ட்ஸில் நகரும் காரைவிட நிற்கும் காரே பயங்கரம். துன் சம்பந்தன் சாலையில் பூக்கடை வாசல், சாப்பாட்டுக்கடை வாசல் என்று வரிசையாக நிறுத்திவிட்டு, “இதோ வந்துட்டேன்” என்று இறங்குவார்கள். கண்ணாடியைப் பார்க்காமல் கதவைத் திறப்பார்கள். ஒரு கதவு முழுதாகத் திறந்தால் ஏறக்குறைய ஒரு மீட்டர் வெளியே நீளும். அதில் மோதுகிறவர் பெரும்பாலும் கதவால் சாவதில்லை. வலதுபக்கம் தூக்கி எறியப்பட்டு, கடந்துபோகும் வாகனத்தின் கீழே விழுகிறார். ஆகவே நிற்கும் கார்களுக்கும் உங்களுக்கும் இடையில் ஒரு கதவின் நீளமும் அதற்கு மேல் கொஞ்சமும் விடுங்கள். பிரேக் விளக்கு இப்போதுதான் அணைந்தது, உள்ளே தலை அசைகிறது என்றால் அந்தக் கதவு திறக்கப் போகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். நீங்களே காரில் இருக்கும் நேரங்களில், ஓட்டுநர் கதவை வலது கையால் திறக்காமல் இடது கையால் திறந்து பாருங்கள். உடம்பு தானாகத் திரும்பும், கண் தானாகப் பின்னால் போகும். நெதர்லாந்தில் பழைய பழக்கம் அது.

பிரிக்பீல்ட்ஸில் இன்னொரு தொல்லை ஒருவழிச் சாலைகள். சுற்றிப் போகச் சோம்பல்பட்டு எதிர்த்திசையில் மிதிக்கிறோம், “வர்ற காரைக் கண்ணால பார்த்துக்கிட்டே போகலாமே” என்று அதற்கொரு நியாயமும் சொல்கிறோம். சந்திலிருந்து இடதுபக்கம் திரும்ப நிற்கும் ஓட்டுநர் வலதுபக்கம் மட்டுமே பார்ப்பார். வண்டி அங்கிருந்துதானே வரும்! நீங்கள் அவருடைய இடப்பக்கத்திலிருந்து வருகிறீர்கள். அவர் கண்ணில் நீங்கள் இல்லவே இல்லை. தள்ளிக்கொண்டு நடந்து போங்கள். அதில் ஒன்றும் கௌரவம் குறைந்துவிடாது. பார்வையற்றோர் சங்கம் இருக்கிற பேட்டை அது. நடைபாதையில் மஞ்சள் தடக்கற்களைத் தடவி நடப்பவர்கள் இருக்கிறார்கள். சாலைக்குப் பயந்து நடைபாதையில் ஏறி ஓட்டினால், கார் நமக்குச் செய்வதை நாம் அவர்களுக்குச் செய்கிறோம்.

கிள்ளான் பக்கம் வந்தால் பேச்சு மாறுகிறது. அங்கே எமன் கன்டெய்னர் லோரி. துறைமுகத்துக்குப் போகும் சாலைகளில் ஒன்றன்பின் ஒன்றாக வரும். பெரிய லோரி பக்கத்தில் கடக்கும்போது முதலில் காற்று உங்களை வெளியே தள்ளும், பிறகு உள்ளே இழுக்கும். கைப்பிடியை இறுக்கி முறுக்காமல் தளர்வாக, ஆனால் உறுதியாகப் பிடித்து, மிதிப்பதை நிறுத்தாமல் போங்கள். அதைவிட முக்கியமானது சமிக்ஞை விளக்கில் நடப்பது. சிவப்பில் லோரி நிற்கிறது, இடதுபக்கம் சந்து போல இடம் தெரிகிறது, முன்னால் போய் நின்றுகொள்ளலாம் என்று தோன்றும். போகாதீர்கள். லோரியின் இடது முன்மூலையில் நிற்கிறவர் ஓட்டுநரின் உயரத்திலிருந்து பார்த்தால் மறைந்துவிடுவார். பச்சை விழுந்து லோரி இடதுபக்கம் திரும்பும்போது அதன் பின்சக்கரம் முன்சக்கரம் போன வழியில் போகாது. உள்பக்கமாக அறுத்துக்கொண்டு வரும். நீங்கள் இருப்பது அங்கேதான். லோரிக்குப் பின்னாலேயே, அதன் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் உங்களுக்குத் தெரியும்படி நில்லுங்கள். முகம் தெரிந்தால் அவருக்கும் உங்களைத் தெரியும்.

கார்களும் இதே வித்தையைச் சிறிய அளவில் செய்யும். உங்களை முந்திவிட்டு உடனே இடதுபக்கம் வெட்டித் திரும்பும். சந்திப்பு நெருங்கும்போதே தடத்தின் நடுவுக்கு வந்துவிட்டால் இதற்கு இடமில்லை. நகரங்களில் சைக்கிள் விபத்துகள் சந்திப்புகளைச் சுற்றியே அதிகம் நடக்கின்றன.

இனி இரவு. 2017 பிப்ரவரி 18ஆம் தேதி விடியற்காலை மூன்று மணி தாண்டி ஜோகூர் பாருவில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். மாற்றியமைத்த சைக்கிள்களில் கூட்டமாகச் சென்ற பதின்ம வயதுப் பையன்கள் மீது ஒரு கார் மோதி எட்டுப் பேர் மாண்டார்கள். காரை ஓட்டிய பெண்ணுக்கு 2022 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் ஆறாண்டுச் சிறை விதித்தது. 2023 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் விடுவித்தது. நாடே இரண்டாகப் பிரிந்து, பெற்றோரைத் திட்டுவதும் அந்தப் பெண்ணைத் திட்டுவதுமாக ஆண்டுகள் ஓடின. தீர்ப்பு யார் பக்கம் வந்தாலும் அந்த எட்டுப் பிள்ளைகளும் திரும்பவில்லை. ஆபத்தாக வண்டி ஓட்டி உயிர்ப்பலி நேர்ந்தால் ஐந்து முதல் பத்தாண்டுச் சிறை என்று 2020இல் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தைக் கடுமையாக்கினார்கள். நல்லதுதான். ஆனால் சட்டம் வந்து சேருவது ஆம்புலன்சுக்குப் பிறகு.

இருட்டில் வெளிச்சம்தான் முதல் கவசம். 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் நகர்கிறது. நீங்கள் நிதானமாக மிதித்தால் நொடிக்கு நான்கு மீட்டர். இடைவெளி நொடிக்குப் பதின்மூன்று மீட்டர் வீதம் கரைகிறது. கறுப்புச் சட்டையில் விளக்கில்லாமல் போகிறவரை இருபத்தைந்து மீட்டரில்தான் கண்டுபிடிக்கிறார் என்றால் அந்த ஓட்டுநருக்குக் கிடைப்பது இரண்டே நொடி. பார்த்து, புரிந்து, காலை பிரேக்குக்குக் கொண்டுபோவதற்குள் அதில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். நூற்றைம்பது மீட்டரில் சிவப்பு விளக்கு மின்னினால் பத்து நொடிக்கு மேல் கிடைக்கிறது. தலைக்கவசம் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அது விழுந்த பிறகு உதவும். விளக்கு விழாமலிருக்க உதவும். நாலு மணி மழைக்கும் அதேதான்: வானம் இருண்டதும் விளக்கைப் போடுங்கள். சாலையில் தீட்டிய வெள்ளைக் கோடும் இரும்பு மூடியும் மழையில் எண்ணெய் தடவியதுபோல வழுக்கும், அவற்றின் மேல் திரும்பாதீர்கள். தேங்கிய நீருக்கடியில் என்ன குழி என்று தெரியாது.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டங்களுக்கு ஒரு வார்த்தை. இருபது முப்பது பேர் நீண்ட வரிசையாகப் போனால் எந்தக் காராலும் ஒரே மூச்சில் கடக்க முடியாது. பாதியில் எதிரே வண்டி வந்ததும் ஓட்டுநர் உங்கள் மேல்தான் ஒடிப்பார். சிங்கப்பூர் 2022 ஜனவரி 1 முதல் ஒரு கூட்டத்தின் நீளம் ஐந்து சைக்கிளைத் தாண்டக்கூடாது என்று வைத்திருக்கிறது. இரண்டிரண்டு பேராகப் போனால் பத்துப் பேர். நம் சங்கங்கள் யாரும் சொல்லாமலே இதைப் பின்பற்றலாம். உலு லங்காட் வளைவுகளில் மறுபக்கம் தெரியாது என்பது உங்களுக்கே தெரியும்.

இவ்வளவையும் சைக்கிள்காரன் தலையில் கட்டுகிறாயே, அரசாங்கம் என்ன செய்கிறது என்று கேட்பீர்கள். நியாயம்தான். செய்யத் தெரியாதவர்கள் அல்ல. கிள்ளான் ஆற்றின் மேல் 1960 வாக்கில் எழுந்த பழைய கோத்தா பாலத்தைப் போய்ப் பாருங்கள்: இரண்டு தளம். மேல்தளம் மோட்டார் வாகனங்களுக்கு, கீழ்த்தளம் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் என்று கட்டினார்கள். அன்றைய கிள்ளானில் எவ்வளவு பேர் சைக்கிளில் ஆற்றைக் கடந்திருந்தால் அவர்களுக்கென்று ஒரு தளமே போட்டிருப்பார்கள்! கூட்டரசு நெடுஞ்சாலையில் 1970களில் மோட்டார் சைக்கிளுக்குத் தனித்தடம் போட்டதில் இந்த நாடு உலகத்துக்கே முன்னோடி. 1990களில் அதை நீட்டித்தபின் சாலைப் பாதுகாப்பு ஆய்வாளர் பேராசிரியர் ராடின் உமார் ஆராய்ந்தபோது, மோட்டார் சைக்கிள் விபத்துகள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்திருந்தன. பிரித்து விட்டால் உயிர் மிஞ்சும் என்பதை இங்கேயே நிரூபித்தாகிவிட்டது. பிறகு 2018இல் கோலாலம்பூர் மாநகர் மையத்தில் சைக்கிளுக்கென்று சாலையில் நீல வண்ணம் தீட்டினார்கள். தடுப்பு இல்லாத வண்ணத்தின் மேல் கார்கள் வந்து நின்றன. பெயின்ட் யாரையும் தடுக்காது. நகராண்மைக் கழகத்துக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் எழுதும்போது ‘சைக்கிள் பாதை வேண்டும்’ என்று பொதுவாகக் கேட்காதீர்கள். தெருப் பெயரைச் சொல்லி, ‘இந்த இடத்தில் தடுப்போடு வேண்டும்’ என்று கேளுங்கள். தமிழ்ப்பள்ளி வாசல்களிலிருந்து தொடங்கலாம்.

அது வரும்வரை ஒரு சிறு வேலை இருக்கிறது. உங்கள் குடியிருப்பிலோ தொழிற்சாலையிலோ இரவுக் காவலுக்கு நேப்பாளத்திலிருந்தோ வங்காளதேசத்திலிருந்தோ வந்த ஒருவர் இருப்பார், அவர் பெரும்பாலும் சைக்கிளில்தான் வருவார். ஷிப்டு முடிந்து அவர் கிளம்பும்போது பின்னால் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஒன்று வாங்கி, நீங்களே மாட்டிக் கொடுங்கள். இருபது வெள்ளிக்குள் முடிந்துவிடும்.

இப்படிக்கு,
கிள்ளானிலிருந்து, உங்களில் ஒருவன்